ரோபாட் ஆராய்ச்சியின் வாயில்கள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இச்சங்கத்தின் விடுதியில் தங்கிப் பயின்று, இன்று பொறியியல் கற்பிக்கும் ஆசிரியர்களாய் இருக்கின்ற நாங்கள் மூவர் சேர்ந்து ஆயத்தம் செய்த உரை இது. படிப்பவர் எங்களுள் ஒருவரே எனினும், சொல் மூவருடையதாகும். கோடை விடுமுறையில் விடுதி மாணவர்க்கு வகுப்பெடுக்க நாங்கள் வந்திருந்தபோது, ஒரே மாலையில் இரண்டு வினாக்கள் எங்கள் முன் வைக்கப்பட்டன. பத்தாம் வகுப்புத் தேறிய மாணவன் ஒருவன், "ரோபாட் ஆராய்ச்சி செய்கிறவர்கள் என்ன படித்தவர்கள், சார்? நான் எந்தக் குரூப்பில் சேர வேண்டும்?" என்று கேட்டான். அவனை ஊருக்கு அழைத்துச் செல்ல வந்திருந்த அவன் தாயார் நகராட்சியில் துப்புரவுப் பணி செய்பவர். மகன் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, "அந்த மெஷினெல்லாம் வந்துட்டா எங்க பொழப்பு என்ன ஆவுறது, சார்?" என்று அவரும் கேட்டார்.

அன்று எங்களால் நிறைவான விடை கூற இயலவில்லை. மாணவனிடம், "கணக்குக் குரூப்பில் சேர், தம்பி" என்றோம். தாயாரிடம், "பயப்படாதீர்கள், அம்மா" என்றோம். இரண்டும் வாயளவில் கூறிய விடைகள் என்பதை நாங்கள் உணர்ந்தே இருந்தோம். ஆதலின் அதன் பின்னர், இத்துறையில் பெயர்பெற்றோர் தம் இளமையில் என்ன பயின்றனர், எதன்மேல் ஆர்வம் கொண்டனர், அவ்வார்வம் எங்கிருந்து பிறந்தது என்பவற்றைத் தேடித் தொகுத்தோம். அத்தேட்டத்தின் பயனையே இம்மேடையில் உங்கள் முன் வைக்கின்றோம்.

சொல்லின் வரலாறு

முதற்கண் அச்சொல்லைப் பார்ப்போம். 'ரோபாட்' என்பது செக் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சொல். காரெல் சாப்பெக் என்னும் செக் எழுத்தாளர் 1920-ஆம் ஆண்டில் வெளியிட்டு, 1921-இல் பிராகு நகரில் மேடையேறிய 'ஆர்.யு.ஆர்.' என்னும் நாடகத்தின் வழியாகவே அஃது உலகிற்கு அறிமுகமாயிற்று. ஆலையில் செய்யப்பெற்று மனிதருக்காக உழைக்கும் செயற்கை மாந்தருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது, அச்சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய தமையனாராகிய ஓவியர் யோசெப் சாப்பெக் ஆவார். 'ரோபாட்டா' என்றால், பண்ணையடிமைகள் நிலக்கிழாருக்குக் கூலியின்றிச் செய்தே தீர வேண்டிய கட்டாய உழைப்பு என்று பொருள். ஆஸ்திரியப் பேரரசில் அவ்வுழைப்பு 1848-ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அவையோரே, இச்சொல்லின் பொருளை எவரும் அகராதி கொண்டு நமக்கு விளக்க வேண்டியதில்லை. நம் மொழியில் அதற்கு 'வெட்டி' என்று பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே அச்சொல் கட்டாய உழைப்பைக் குறித்து வருகின்றது. இன்று பயனற்ற வேலையை 'வெட்டி வேலை' என்கின்றோம். கூலி கிடையாத வேலை என்பதே அதன் பழம்பொருள். சாவுச் செய்தி சுமந்து ஊர் ஊராய் நடந்ததும், செத்த மாட்டை அப்புறப்படுத்தியதும், சுடுகாட்டில் விறகு அடுக்கியதும் நம் பாட்டன்மார் செய்த ரோபாட்டாவே. பிறர் செய்ய விரும்பாத வேலையை யார் தலையில் கட்டுவது என்னும் பழைய வினாவோடு சேர்ந்தே ரோபாட் என்னும் எண்ணமும் பிறந்தது. ஆகவே இத்துறை நமக்கு அயலானது என்று எவரேனும் கூறுவராயின், அக்கூற்றை நாம் ஏற்க வேண்டியதில்லை.

பல படிப்புகள், ஒரு துறை

ரோபாட் மனித உருவத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. சூழலை உணர்தல், உணர்ந்ததைக் கொண்டு முடிவு செய்தல், முடிவின்படி இயங்குதல் ஆகிய மூன்றும் ஓர் இயந்திரத்தில் கூடியிருக்குமாயின் அதனை ரோபாட் எனலாம். உணர்வதற்கு மின்னணுவியலும் ஒளியியலும் வேண்டும். முடிவு செய்வதற்குக் கணிதமும் கணினியியலும் வேண்டும். இயங்குவதற்கு இயந்திரவியல் வேண்டும். மனிதரோடு பழகுவதற்கு உளவியல் வேண்டும். இவை அனைத்தையும் ஒருவரே கல்லூரியில் பயின்று தேர்தல் அரிது. ஆதலின் இத்துறைக்கு ஒற்றை வாயில் என்பது தொடக்க முதலே இல்லை. சிலருடைய இளமைக் காலத்தைச் சான்றாகக் காட்டுகின்றோம்.

தொழிற்சாலையில் பணிக்கு வந்த முதல் ரோபாட்டின் பெயர் 'யுனிமேட்'. 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆலை ஒன்றில் அது நிறுவப்பட்டது. அச்சில் வார்த்த சூடான உலோகத் துண்டுகளை எடுத்து அடுக்குவது அதன் வேலை. மனிதர் செய்தால் கை வெந்துபோகும் வேலை. அதனைக் கண்டுபிடித்த ஜார்ஜ் டெவல் கல்லூரிப் படிப்பே இல்லாதவர். அதனை ஆலைக்குக் கொண்டுசேர்த்த ஜோசப் எங்கல்பெர்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் மின்பொறியியலும் பயின்றவர். பட்டம் இல்லாதவரின் எண்ணமும் பட்டம் பெற்றவரின் முயற்சியும் இணைந்தே அக்கை உருவாயிற்று.

ராட்னி புரூக்ஸ் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தவர். அங்குள்ள ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றது தூய கணிதம். பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1981-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் அங்கே மாணவராய் இருந்த காலத்தில், ஹான்ஸ் மொராவெக் என்னும் மற்றோர் ஆய்வு மாணவர், கேமரா பொருத்திய வண்டி ஒன்றைத் தானே வழி கண்டு நகரச் செய்ய முயன்றுகொண்டிருந்தார். 1979-இல் நாற்காலிகள் நிறைந்த ஓர் அறையை அவ்வண்டி எவர் மீதும் எதன் மீதும் மோதாமல் கடந்தது; கடப்பதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று. ஊசிமுனையளவு மூளை கொண்ட பூச்சி ஒன்று அதே அறையை ஒரு நொடியில் கடந்துவிடுகிறதே, அஃது எங்ஙனம் என்னும் வினா புரூக்சைப் பற்றிக்கொண்டது. உலகின் முழுப்படத்தையும் உள்ளே வரைந்துகொண்டு பின்னர் நகர்வதை விடுத்து, உணர்ந்தவுடன் செயற்படும் எளிய அடுக்குகளால் ரோபாட்டை அமைக்கலாம் என்று 1986-இல் அவர் எழுதினார். பூச்சியைப் போன்று ஆறு கால்களுடைய ரோபாட் ஒன்றையும் செய்து நடக்கவிட்டார். பின்னாளில் அவரும் அவர் மாணவர்களும் தொடங்கிய நிறுவனமே, 2002-ஆம் ஆண்டில் வீட்டுத் தரையைத் தானே பெருக்கும் 'ரூம்பா' என்னும் இயந்திரத்தை வெளியிட்டது.

மார்க் ரெய்பர்ட் முதலில் மின்பொறியியல் பயின்றார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1977-இல் அவர் முனைவர் பட்டம் பெற்றதோ மூளையையும் உளவியலையும் ஆராயும் துறையில் ஆகும். விலங்குகள் எவ்வாறு நிலைகுலையாமல் ஓடுகின்றன என்பதே அவரை ஆட்கொண்ட வினா. நான்கு கால் இயந்திரத்திற்குச் செல்லும் முன், ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து நிற்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து, சமநிலையின் கணக்கை அதிலிருந்து கற்றார். ஜப்பானில் மனிதரைப் போன்றே தோன்றும் ரோபாட்டுகளைச் செய்யும் ஹிரோஷி இஷிகுரோ, இளமையில் எண்ணெய் வண்ண ஓவியர் ஆக விரும்பியவர்.

ருசேனா பாய்ச்சி அம்மையார் 1933-இல் பிராட்டிஸ்லாவா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளின் கொடுமையில் பெற்றோரை இழந்து, அநாதை விடுதியில் வளர்ந்தார். பின்னர் தம் நாட்டிலேயே மின்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று, ஸ்டான்போர்டு சென்று 1972-இல் இரண்டாம் முறையாகக் கணினியியலில் முனைவர் ஆனார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1979-இல் அவர் தொடங்கிய ஆய்வுக்கூடம் இன்றளவும் இத்துறையின் முதன்மையான கூடங்களுள் ஒன்று. நாம் சும்மா காண்பதில்லை. தலையைத் திருப்பி, கிட்டே சென்று, தொட்டுப் பார்த்து அறிகின்றோம். இயந்திரமும் அவ்வாறே தேடிக் காண வேண்டும் என்பது அவர் முன்வைத்த கருத்து.

நமக்கு அண்மையில் உள்ள சான்று ராஜ் ரெட்டி ஆவார். 1937-இல், அந்நாளைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில், காட்டூர் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார்; அக்குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல்வர் அவரே. சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958-இல் அவர் பெற்ற பட்டம் எதில் தெரியுமா? கட்டடமும் பாலமும் கட்டும் சிவில் பொறியியலில்! ஆஸ்திரேலியாவில் முதுநிலைப் படிப்பின்போது கணினியோடு பழகி, ஸ்டான்போர்டில் 1966-இல் முனைவராகி, 1979-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஆனார். 1994-இல் கணினியியலின் மிக உயரிய டூரிங் விருது அவருக்கும் எட்வர்டு ஃபைகன்பாமுக்கும் வழங்கப்பட்டது. அவர் நம்மைப் போன்று பள்ளி வாயிலிலேயே நிறுத்தப்பட்ட குடியில் பிறந்தவர் அல்லர் என்பதை நாங்கள் மறைக்கவில்லை. எனினும், அவர் பயின்ற கிண்டிக் கல்லூரியின் வகுப்பறைகளில் இன்று நம் பிள்ளைகளும் அமர்ந்திருக்கின்றனர் என்பதையும் மறத்தல் கூடாது.

இவர்களுடைய பாடங்கள் வேறு வேறு. ஆயினும் சில செய்திகள் பொதுவாய் அமைந்துள்ளன. எந்த வாயிலில் நுழைந்தாலும் கணிதத்தை அவர்கள் கைவிடவில்லை. ஏட்டோடு நில்லாமல் கையாலும் செய்து பார்த்தனர். ஒரு வினாவைப் பற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அதனோடு வாழ்ந்தனர். நான்காவதாக, இளம் பருவத்தில் யாரோ ஒருவர், ஏதோ ஒரு நிறுவனம், அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. இந்நான்காவது இல்லாமற்போனதால் வெளிச்சத்திற்கே வாராத அறிவுகள் நம் சேரிகளில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கவே நெஞ்சு கனக்கின்றது.

வாழ்க்கையிலிருந்து பிறக்கும் வினா

இனி ஆர்வம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். இதற்குக் கறுப்பினத்துப் பெண்மணிகள் இருவருடைய வரலாறு நமக்கு நல்ல பாடமாகும்.

அயானா ஹவர்டு 1972-இல் பிறந்தவர். சிறுமியாய் இருந்தபோது 'பயோனிக் உமன்' என்னும் தொலைக்காட்சித் தொடரைக் கண்டு, இயந்திர உறுப்புகள் கொண்ட அத்தகைய மனிதரைத் தாமே செய்ய வேண்டும் என்று விரும்பினார். பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1993-இல் பொறியியற் பட்டமும், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1999-இல் மின்பொறியியலில் முனைவர் பட்டமும் பெற்றார். அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஆய்வுக்கூடத்தில், செவ்வாய்க் கோளில் ஊர்தி தானே வழி கண்டு செல்வதற்கான ஆராய்ச்சியில் ஈடுபட்டார். பின்னர் பேராசிரியராகி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு உதவும் ரோபாட்டுகளில் கருத்தைச் செலுத்தினார். அவருடைய குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நாம் அறியத்தக்கது. தீ விபத்து நேர்ந்ததுபோன்ற சூழலை உண்டாக்கி, வழிகாட்டும் ரோபாட் ஒன்றை முன்னே செல்லவிட்டனர். சற்று முன்னர்தான் அது வழி தவறியதைக் கண்ணாரக் கண்ட மக்களும், வெளியேறும் வாயிலை விடுத்து அதன் பின்னாலேயே சென்றனராம். இயந்திரத்தை மனிதர் அளவுக்கு மீறி நம்புகின்றனர் என்பதை அது காட்டிற்று. 2021-ஆம் ஆண்டில் அவர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகப் பொறியியற் புலத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

மற்றொருவர் ஜாய் புவலாம்வினி. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் இளநிலை மாணவியாய் இருந்தபோது, மனிதரோடு கண்ணாமூச்சி விளையாடும் ரோபாட் ஒன்றை அமைக்கும் வேலை அவருக்கு வாய்த்தது. அந்த ரோபாட்டோ அவர் முகத்தை முகமென்றே அறிந்துகொள்ளவில்லை! வெள்ளையரான தோழியின் முகத்தைக் காட்டித்தான் அவர் தம் பாடவேலையை முடித்தார். பிற்காலத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவியானபோதும் இதே தொல்லை தொடர்ந்தது. வெள்ளை முகமூடி ஒன்றை அணிந்த பின்னரே மென்பொருள் அவரைக் கண்டது. தம் முகத்திற்கு நேர்ந்த இவ்வவமதிப்பை அவர் ஆய்வுக்குரிய வினாவாக மாற்றினார். 2018-இல் டிம்னிட் கெப்ருவோடு சேர்ந்து, பெயர்பெற்ற நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்து முடிவை வெளியிட்டார். படத்திலிருப்பவர் ஆணா பெண்ணா என்று கூறுவதில், வெளிர்நிற ஆண்களின் படங்களில் பிழை 0.8 விழுக்காட்டிற்கு மேற்படவில்லை. கருநிறப் பெண்களின் படங்களிலோ அது 34.7 விழுக்காடு வரை சென்றது.

மாணவச் செல்வங்களே, இதனைச் சற்று ஆழ்ந்து எண்ணுங்கள். அம்மென்பொருள்களைச் செய்தவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் கூடத்தில் அந்தக் குறையைத் தம் முகத்தாலேயே அறிந்துகொள்ளக்கூடியவர் அமர்ந்திருக்கவில்லை, குறை அவ்வளவே. எவர் ஆய்வுக்கூடத்திற்குள் இருக்கிறாரோ அவருடைய வாழ்க்கையிலிருந்தே வினாக்கள் பிறக்கின்றன. எவர் வெளியே நிறுத்தப்படுகிறாரோ அவருடைய வினாக்களும் வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

நம் நாட்டில் பிறந்த இரண்டு இயந்திரங்கள்

இவ்வுண்மைக்கு நம் நாட்டிலும் சான்று உண்டு. உலகில் ரோபாட்டுகள் 1961 முதல் ஆலையில் வேலை செய்கின்றன. 1997-இல் செவ்வாய்க் கோளின் மண்ணிலும் ஊர்தி உருண்டது. ஆனால் பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்து உள்ளிறங்கத்தக்க ரோபாட் நம் நாட்டில் பணிக்கு வந்தது 2018-ஆம் ஆண்டில்தான். கட்டுவதற்கு அரியது என்பதால் ஏற்பட்ட காலத்தாழ்வா இது? நாங்கள் அவ்வாறு கருதவில்லை. உள்ளிறங்க மனிதர் இருந்தனர். அம்மனிதர் எந்தச் சாதியார் என்பதும் அனைவருக்கும் தெரியும்.

2015-ஆம் ஆண்டு நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய தொழிலாளர் இருவரும், அவர்களைக் காக்க இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் நச்சுக்காற்றால் மாண்டனர். மலப்புரம் மாவட்டத்துக் குற்றிப்புறத்திலுள்ள பொறியியற் கல்லூரியில் பயின்று வெளிவந்த இளைஞர் நால்வரை அச்செய்தி உலுக்கிற்று. கல்லூரி நாளில் மனித உடலுக்கு வலுவூட்டும் இயந்திரக் கவசம் ஒன்றைச் செய்துபார்த்த பயிற்சி அவர்களுக்கு இருந்தது. அப்பயிற்சியைச் சாக்கடையின் பக்கம் திருப்பினர். 'பாண்டிகூட்' என்று அவர்கள் பெயரிட்ட இயந்திரம், அதாவது பெருச்சாளி, 2018-இல் திருவனந்தபுரத்தில் பணி தொடங்கியது. கட்டுப்பாட்டுப் பகுதி மேலே தரையில் நிற்கும். கால்களும் கையும் கேமராவும் கொண்ட பகுதி குழிக்குள் இறங்கும். மேலே நிற்பவர் திரையைப் பார்த்துக்கொண்டே உள்ளிருக்கும் கசட்டை வாரி எடுப்பார்.

மற்றொன்று நம் சென்னையிலேயே பிறந்தது. செப்டிக் டேங்க் எனப்படும் மலத்தொட்டியின் அடியில் கசடு இறுகிக் கட்டியாகிவிடும். உறிஞ்சும் லாரியின் குழாய்க்கு அது மசியாது. அதனைக் கலைப்பதற்கென்றே மனிதரை உள்ளே இறக்குகின்றனர். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் வழிகாட்டலில் மாணவர் ஒருவர் தம் முதுநிலை இறுதியாண்டுத் திட்டப்பணியாக இச்சிக்கலை எடுத்துக்கொண்டார். மடக்கிய குடையைப் போன்று குறுகிய வாய் வழியே உள்ளே நுழைந்து, தொட்டிக்குள் விரிந்து சுழலும் கத்திகளை உடைய கருவி உருவாயிற்று. கசட்டைக் கலக்கிக் கூழாக்கி, குழாய் வழியே உறிஞ்சிவிடும். 'ஹோமோசெப்' என்னும் அக்கருவி 2022-இல் தமிழ்நாட்டில் பணிக்கு வந்தது. துப்புரவுத் தொழிலாளர் இயக்கமாகிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலனின் துணையோடு, முதற் கருவிகள் மகளிர் தன்னுதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அக்குழுக்களின் தலைவியர், இதே வேலையில் தம் கணவரைப் பறிகொடுத்தவர்கள்.

தாயாரின் வினாவிற்கு விடை

இங்கேதான் அத்தாயாரின் வினாவிற்கு நாங்கள் விடை காண்கின்றோம். இயந்திரம் வந்தால் பிழைப்பு என்ன ஆகும் என்பது, அந்த இயந்திரம் யாருடைய கையில் இருக்கும் என்பதைப் பொறுத்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் இயந்திரத்தை வாங்கி, பத்துப் பேரை வெறுங்கையோடு வீட்டிற்கு அனுப்புவாராயின், அது பழைய கொடுமையின் புதிய வடிவமே. குழிக்குள் இறங்கியவரே மேலே நின்று இயக்குபவராகவும், அவர் மனைவியே இயந்திரத்தின் உடைமையாளராகவும் ஆவாராயின், அது விடுதலை. மனிதரை மலக்குழிக்குள் இறக்குவதைத் தடை செய்தும், அத்தொழிலில் உழன்றோர்க்கு மறுவாழ்வு அளிக்கக் கட்டளையிட்டும் 2013-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அத்தொகையை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சட்டம் இருந்தும் சாவுகள் நின்றபாடில்லை. ஆகவே இயந்திரம் மட்டும் போதாது. சட்டம் மட்டும் போதாது. இரண்டையும் கேட்டு வாங்கும் அமைப்பும் வேண்டும்.

வேறொன்றும் உண்டு. மாலையில் அந்த இயந்திரத்தைக் கழுவப் போவது யார்? அதற்கும் ஒரே சாதியாரையே அழைப்பார்களாயின், இரும்பு வந்தும் ரோபாட்டா ஒழியவில்லை என்றே பொருள். சாதியை இயந்திரம் ஒழிக்காது. மனிதர்தாம் ஒழிக்க வேண்டும். இயந்திரத்தால் ஆவது, சாதிக்கு அது சொல்லிவந்த சாக்குகளுள் ஒன்றைப் பறிப்பது. "வேறு வழியில்லை, ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும்" என்று இனி எவரும் கூற இயலாது.

மகனின் வினாவிற்கு விடை

இனி மாணவனுக்கு வருவோம். நாங்கள் கூறியவற்றைக் கேட்டு, நம் பிள்ளைகள் ரோபாட் ஆராய்ச்சிக்குச் சென்றால் மலக்குழி இயந்திரமே செய்ய வேண்டும் என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டா. பிறப்பால் வேலையை விதிக்கும் முறையைப் பொறுக்காமல் கல்விக்கு வந்த நாம், பிறப்பால் ஆராய்ச்சியை விதிக்கும் முறையை எங்ஙனம் ஏற்போம்? செவ்வாய்க் கோளின் ஊர்தியைச் செய்ய அயானா ஹவர்டுக்கு உரிமை உண்டெனில், மீனைப்போல் நீந்தும் ரோபாட்டையோ, அறுவை மருத்துவரின் கைக்குத் துணையாகும் ரோபாட்டையோ, பயனொன்றும் கருதாமல் வெறும் கணிதப் புதிர் ஒன்றையோ பற்றிக்கொள்ள நம் பிள்ளைக்கும் உரிமை உண்டு. மலக்குழியைப் பற்றிய வினா நம்முடையது மட்டுமன்று. அது நாட்டிலுள்ள பொறியியலாளர் அனைவருக்கும் உரிய வினா. குற்றிப்புறத்து இளைஞர்களுக்கு அவ்வினாவைக் கற்பித்தது ஒரு நாளிதழ்ச் செய்தியின் துயரமே. அதனை உணர எவருக்கும் தடையில்லை. நாம் வேண்டுவதெல்லாம், வினாக்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் நமக்கும் ஓர் இருக்கை.

அவ்விருக்கைக்குச் செல்லும் வழி யாது? "எந்தக் குரூப்?" என்று கேட்டாய், தம்பி. கணிதம், இயற்பியல், வேதியியல் கொண்ட பிரிவு நல்ல வழி. கணினி அறிவியல் சேர்ந்த பிரிவும் நல்ல வழி. மதிப்பெண் குறைந்து அவை கிட்டாமற்போனால் மனம் தளர வேண்டா. பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர் பொறியியற் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். கிண்டியில் சிவில் பயின்றவர் ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் ஆனதை மனத்தில் இருத்துக. எவ்வழியே சென்றாலும் கணிதத்தை நாள்தோறும் போடு. ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் விட்டுப்போன இடம் இருந்தால் வெட்கப்படாமல் திரும்பிப் போய்ப் படி. பழுதடைந்த மின்விசிறியையும் மிதிவண்டியையும் பிரித்துப் பார். உன் அண்ணன் மெக்கானிக் கடையில் வேலை செய்வானாயின், அவனிடம் நீ கற்கும் கைத்திறன் ஆய்வுக்கூடத்திலும் மதிப்புடையது.

பெண் பிள்ளைகளுக்கும் இதையே கூறுகின்றோம். இன்று நாங்கள் எடுத்துக்காட்டியவர்களுள் மூவர் பெண்கள் என்பதைப் பெற்றோர் கருத்திற்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு பெண்ணின் படிப்பை நிறுத்துவதற்கு முன்னர், அநாதை விடுதியில் வளர்ந்து இரண்டு முனைவர் பட்டம் பெற்ற அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தின் அடுத்த பணி

நிறைவாகச் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2020-ஆம் ஆண்டில் ரோபாட்டிக்ஸ் முதற்பாடம் ஒன்றைப் புதிதாய் அமைத்தனர். நுண்கணிதம் அறிந்தவர்க்கே பொறியியல் என்பதே அதுவரை வழக்கம். ஏழைகளும் கறுப்பினத்தாரும் பயிலும் பள்ளிகள் பலவற்றில் நுண்கணிதம் கற்பிக்கப்படுவதே இல்லை. எனவே பேராசிரியர் ஜெசி கிரிசில் அந்தப் பாடத்தை நேரியல் இயற்கணிதத்திலிருந்தும் கணினி நிரலிலிருந்தும் தொடங்கினார். பின்னர் அது மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் ஆகிய கறுப்பினத்தார் கல்லூரிகளோடும் பகிர்ந்துகொள்ளப்பட்டது. பாடத்தின் தரத்தைத் தாழ்த்தாமல் வாசற்படியின் உயரத்தைக் குறைத்தனர். நாமும் நம் விடுதியில் இதனைச் செய்ய இயலும்.

விடுதியின் பின்புறத்திலுள்ள பழைய சாமான் அறையை ஒரு பட்டறையாக்குவோம். அங்கே ஒரு மேசை, சாலிடரிங் கருவி, மல்ட்டிமீட்டர், திருப்புளிகள், சிறிய மோட்டார்கள், மலிவான ஆர்டுயினோ பலகைகள் சில இருந்தால் தொடக்கத்திற்குப் போதும். கல்லூரியில் பயிலும் நம் முன்னாள் மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குத் தரட்டும். நாங்கள் மூவரும் முதலாண்டு முழுமைக்கும் முறைவைத்து வந்து கற்பிக்கின்றோம் என்று இம்மேடையில் உறுதி கூறுகின்றோம். ஒன்றிய அரசின் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை முதலானவற்றிற்கு எந்நாளில், எவ்வாறு விண்ணப்பிப்பது என்று எடுத்துச் சொல்ல ஒருவரைச் சங்கம் நியமிக்கட்டும். 1913-ஆம் ஆண்டில் பரோடா மன்னர் அளித்த உதவித்தொகை ஓர் இளைஞரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு சேர்த்தது. அவரே நமக்கு அண்ணல் அம்பேத்கராய்த் திரும்பி வந்தார். உரிய காலத்தில் திறக்கப்படும் ஒரு கதவின் பயன் என்னவென்பதை நம் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

தாயே, உங்கள் பிழைப்பைப் பறிக்கும் இயந்திரமும் வரலாம்; உங்கள் உயிரைக் காக்கும் இயந்திரமும் வரலாம். எது வரும் என்பதை முடிவு செய்வோர் நடுவில் உங்கள் மகன் அமர்ந்திருக்க வேண்டும். அவன் அன்று கேட்ட வினாவிற்கு இச்சங்கம் அளிக்கும் விடையிலேயே உங்கள் வினாவிற்கான விடையும் அடங்கியுள்ளது. பொன்விழா மேடையில் இதே பொருள் பற்றி உரையாற்ற வருபவர், நம் விடுதிப் பட்டறையில் முதல் மோட்டாரைச் சுழலவிட்ட ஒருவராய் இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். அவர் எதனைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை அவரே தேர்ந்துகொள்ளட்டும்.